அந்த 2.4க்கு முன்னால் தேதியைப் பாருங்கள்

வாசகியின் கேள்வி:

எனக்கு வயது 34. முதல் மூன்று மாதச் சோதனையில் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு கூடுதல் என்று வந்ததால் பனிக்குட நீர் எடுத்துப் பார்த்தார்கள். குரோமோசோம் விரைவுச் சோதனை நார்மல். ஆனால் அதே நீரில் ஏ.எஃப்.பி. என்ற புரதம் ஒரு மி.லி.க்கு 26 மைக்ரோகிராம், 2.4 எம்.ஓ.எம்., ‘அதிகம்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற இடத்தில் ‘மங்கலான இரண்டாம் கோடு, தீர்மானிக்க இயலவில்லை’ என்றும், ‘மாதிரி லேசான இளஞ்சிவப்பு’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு முன் என் ரத்தத்தில் இதே புரதம் 44 நானோகிராம், 1.1 எம்.ஓ.எம். தான் இருந்தது. ஒரே வாரத்தில் 600 மடங்கு ஏறுமா? குழந்தைக்கு முதுகெலும்பில் பிளவு என்று அர்த்தமா? நீர் எடுத்த அன்று செய்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். மறுபடியும் ஊசி போட வேண்டுமா? கர்ப்பம் என்று தெரிந்த பிறகுதான் ஃபோலிக் அமில மாத்திரை ஆரம்பித்தேன். இதெல்லாம் என் தப்புதானோ என்று தூக்கமே இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் பயந்து எழுதிய இடங்களைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. ‘எனக்கு மாதவிலக்கு 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் வரும், முதல் ஸ்கேனுக்குப் பிறகு பிரசவத் தேதியை இரண்டு வாரம் தள்ளிப் போட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகலின் மேல்பகுதியிலோ ‘கர்ப்ப காலம்: 19 வாரம்’ என்று இருக்கிறது. திருத்திய தேதிப்படி நீர் எடுத்த அன்று உங்களுக்கு 17 வாரம்தான். சோதனைக்கு அனுப்பும் படிவத்தில் யாரோ கடைசி மாதவிலக்குத் தேதியை எழுதிவிட்டார்கள். லேப் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இருபது வருடங்களுக்கு மேல் இந்தச் சோதனைகளைச் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளில் நான் முதலில் தேடுவது இந்த முரண்பாட்டைத்தான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்வதற்கு முன், அந்த 600 மடங்கைத் தீர்த்துவிடுவோம். அது ஏறவில்லை. நீங்கள் ஒப்பிட்டது இரண்டு வெவ்வேறு இடங்களை. ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற இந்தப் புரதத்தைச் செய்வது குழந்தை. முதலில் கருவின் மஞ்சள்கருப் பை, பிறகு முக்கியமாகக் கல்லீரல். பெரியவர்கள் ரத்தத்தில் ஆல்புமின் செய்யும் வேலையைப் போன்றதைக் குழந்தையின் ரத்தத்தில் செய்கிற, அதே குடும்பத்துப் புரதம் இது. ஆகவே குழந்தையின் ரத்தத்தில் இது மில்லிகிராம் கணக்கில் இருக்கும். அதில் கொஞ்சம் சிறுநீர் வழியாகப் பனிக்குட நீருக்கு வரும். அங்கே மைக்ரோகிராம் கணக்கு. அதிலும் மிகச் சிறிய பங்கு நஞ்சுக்கொடியையும் சவ்வுகளையும் தாண்டி அம்மாவின் ரத்தத்துக்குப் போகும். அங்கே நானோகிராம் கணக்கு. நீரில் 26 மைக்ரோகிராமும் உங்கள் ரத்தத்தில் 44 நானோகிராமும் இருப்பதில் விபரீதம் எதுவும் இல்லை. எல்லாக் கர்ப்பத்திலும் இந்த இடைவெளி சில நூறு மடங்கு இருக்கும்.

இனி 2.4க்கு வருவோம். எம்.ஓ.எம். என்பது அளவு அல்ல, ஒப்பீடு. அதே வாரத்தில் இருக்கும், குறையில்லாத பல கர்ப்பங்களின் அளவுகளை வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வார்கள். அந்த நடுமதிப்பைப்போல் உங்கள் அளவு எத்தனை மடங்கு என்பதுதான் எம்.ஓ.எம். மேலே இருக்கும் 26 உங்கள் நீரில் அளந்தது. கீழே வகுக்கும் எண்ணைத் தருவது வாரம். வாரம் தப்பினால் வகுக்கும் எண் தப்பும்.

பனிக்குட நீரில் இந்தப் புரதம் நான்காம், ஐந்தாம் மாதங்களில் வாரத்துக்குச் சுமார் 12 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே வரும். உங்கள் ரிப்போர்ட்டில் 26ஐ 2.4ஆல் வகுத்தால் அவர்கள் பயன்படுத்திய நடுமதிப்பு கிடைக்கிறது: சுமார் 10.8. அது 19ஆம் வாரத்துக்கானது. இரண்டு வாரம் பின்னால் போய், வாரத்துக்கு 12 சதவீதக் குறைவைத் திருப்பிக் கணக்கிட்டால் 17ஆம் வாரத்துக்கு அதே லேபின் நடுமதிப்பு 14க்குப் பக்கத்தில் வரும். 26ஐ 14ஆல் வகுங்கள். 1.9க்குக் கொஞ்சம் கீழே. பெரும்பாலான லேப்கள் 2 அல்லது 2.5 என்ற கோட்டைத் தாண்டினால்தான் ‘அதிகம்’ என்று எழுதும். உங்கள் நீரில் ஒரு துளிகூட மாறாமல், தேதியைத் திருத்திய மாத்திரத்தில் நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறீர்கள்.

நான் உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு பக்கக் கணக்கை மட்டும் காட்டவில்லை. அதே தேதிப் பிழை உங்கள் ரத்தச் சோதனையிலும் இருக்கிறது. அங்கே அது எதிர்த்திசையில் இழுக்கும். அம்மாவின் ரத்தத்தில் இந்தப் புரதம் அந்த மாதங்களில் குறையாது, வாரத்துக்குச் சுமார் 15 சதவீதம் கூடும். உங்களுக்கு 16 வாரமாக இருந்தபோது 18 வாரம் என்று கணக்கிட்டதால் நடுமதிப்பு பெரிதாகி, எம்.ஓ.எம். சிறிதாகத் தெரிந்திருக்கிறது. திருத்தினால் அந்த 1.1 என்பது 1.4, 1.5 அளவுக்கு வரும். அதுவும் சந்தேகக் கோடான 2.5க்கு நன்றாகக் கீழேதான். ஆனாலும் இரண்டையும் திருத்திக் கேட்டு வாங்குங்கள். இரண்டில் நமக்குப் பிடித்த எண்ணை மட்டும் திருத்தினால் அது நேர்மையாக இருக்காது.

அடுத்தது இளஞ்சிவப்பு. என் கண்ணில் தேதிக்கு அடுத்தபடி இதுதான் பெரிய விஷயம். ரிப்போர்ட்டில் ஒரு ஓரமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நல்ல பனிக்குட நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். இளஞ்சிவப்பு என்றால் ரத்தம் கலந்திருக்கிறது. யாருடைய ரத்தம் என்பதுதான் கேள்வி. உங்களுடையது என்றால் ஏ.எஃப்.பி. கணக்கில் அதற்கு ஒரு பொருட்டும் இல்லை. உங்கள் ரத்தத்தில் இருப்பது நானோகிராம்தானே. குழந்தையுடையது என்றால் கதை வேறு. கணக்குக்காக, குழந்தையின் ரத்தச் சீரத்தில் ஒரு மி.லி.க்கு 2 மில்லிகிராம் ஏ.எஃப்.பி. என்று வைத்துக்கொள்வோம். ஊசி நஞ்சுக்கொடியை உரசி இரண்டு சொட்டு, அதாவது 0.1 மி.லி. ரத்தம் 20 மி.லி. நீரில் கலந்தால், அதிலுள்ள சீரம் சுமார் 0.06 மி.லி. அதில் 120 மைக்ரோகிராம். 20 மி.லி.யில் பரவினால் ஒவ்வொரு மி.லி.க்கும் 6 மைக்ரோகிராம் கூடிவிடும். இரண்டே சொட்டு! உங்கள் 26இல் 6ஐக் கழித்து 14ஆல் வகுத்தால் 1.4 வரும். இரண்டு சொட்டுதான் கலந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எவ்வளவு சின்னக் கலப்பு எவ்வளவு பெரிய எண்ணை உண்டாக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

யாருடைய ரத்தம் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குழந்தையின் சிவப்பணுக்களில் இருப்பது எஃப் வகை ஹீமோகுளோபின். பெரியவர்களுடையது ஏ வகை. கிளைஹவர் என்ற சாயச் சோதனையில் அமிலத்தில் கழுவும்போது பெரியவர்களின் அணுக்கள் ஹீமோகுளோபினை இழந்து வெளிறிப்போகும், குழந்தையின் அணுக்கள் நிறத்தோடு நிற்கும். நீரைச் சுழற்றி அணுக்களைப் பிரித்து எறிந்துவிட்டால் இதைப் பார்க்க முடியாது. ஆகவே சிவப்பாக வரும் மாதிரியில் முதலிலேயே இதைச் செய்துவிடும் லேப்தான் நல்ல லேப். உங்கள் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கேளுங்கள்.

அந்த மங்கலான கோட்டையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பனிக்குட நீரில் ஏ.எஃப்.பி. கூடினால் தண்டுவடக் குறைபாடு இருக்கலாம் என்று 1972இல் எடின்பரோவில் பிராக், சட்கிளிஃப் என்ற இருவர் காட்டினார்கள். சில வருடங்களிலேயே அதன் பலவீனமும் தெரிந்துபோயிற்று: ரத்தம் கலந்தால் ஏறுகிறது, வயிற்றுச் சுவர் மூடாவிட்டால் ஏறுகிறது, குழந்தையால் நீரை விழுங்க முடியாமல் குடல் அடைத்திருந்தாலும் ஏறுகிறது. நரம்புத் திசுவையே சுட்டிக்காட்டும் வேறொரு அடையாளம் வேண்டியிருந்தது. 1979இல் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் அப்படி வந்தது. இது நரம்புகளில் வேலை செய்யும் நொதி. தண்டுவடம் தோலால் மூடப்படாமல் திறந்திருந்தால் நீருக்குள் கசியும்.

இதை ஜெல்லில் ஓட்டிப் பார்ப்போம். ஜெல் பலகையில் சிறு குழியில் நீரை விட்டு மின்சாரம் செலுத்தினால் நொதிகள் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் நகரும். பிறகு அவை செயல்படும் பொருளையும் சாயத்தையும் ஊற்றினால், நொதி நிற்கிற இடம் கோடாகத் தெரியும். எல்லோருடைய நீரிலும் மெதுவாக நகரும் ஒரு கோடு உண்டு. அது வேறு வகை கோலினெஸ்டரேஸ், அதற்குப் பொருள் ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் வேகமாக ஓடிய இரண்டாம் கோடு தெளிவாகத் தெரிந்தால்தான் கவலை. அப்போதும் உடனே கையெழுத்துப் போடக் கூடாது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸை மட்டும் முடக்கும் ஒரு மருந்தைச் சேர்த்து, பக்கத்துக் குழியில் இன்னொரு தடவை ஓட்ட வேண்டும். இரண்டாம் கோடு மறைந்தால்தான் அது உண்மையான கோடு.

இதில் சிக்கல் என்னவென்றால், சிவப்பணுக்களின் சவ்விலும் இதே நொதி இருக்கிறது. மாதிரி லேபுக்கு வந்து சேரும் வழியில் அணுக்கள் உடைந்தால், அல்லது குழந்தையின் ரத்தம் கலந்திருந்தால், மங்கலான ஒரு கோடு வந்துவிடும். உங்களுடையது அப்படிப்பட்ட மாதிரி. ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று எழுதியதற்காக அந்த லேபை நான் மதிக்கிறேன். இல்லாத தெளிவை இருப்பதுபோல் எழுதியிருந்தால் உங்கள் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் அதோடு நின்றுவிடாமல், மிச்ச நீரைச் சுழற்றித் தெளிவாக்கி, முடக்கும் மருந்தோடு சேர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். நீர் மிச்சம் இருக்க வாய்ப்பு அதிகம். குரோமோசோமுக்கு வேண்டியது அணுக்கள், புரதத்துக்கு வேண்டியது மேலே நிற்கும் தெளிந்த நீர். ஒன்று மற்றொன்றின் பங்கைத் தின்பதில்லை.

அளப்பதிலும் ஒரு பொறி உண்டு என்பதால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.எஃப்.பி. அளக்கும் கிட்டுகள் பெரும்பாலும் ரத்தத்தின் நானோகிராம் அளவுக்காகச் செய்யப்பட்டவை. பனிக்குட நீரை நூறு மடங்கோ அதற்கும் மேலோ நீர்த்துப்போகச் செய்துதான் அதில் வைக்க வேண்டும். நீர்க்காமல் வைத்தால் புரதம் அளவுக்கு மீறி இருப்பதால் கிட்டில் அதை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டிய எதிர்ப்புரதங்கள் தனித்தனியாக நிரம்பிப்போய், உண்மையில் மிக அதிகமான அளவு குறைவாகத் தெரியும். நீர்ப்பதில் கை தவறினாலோ அந்தத் தவறு அப்படியே விடையிலும் வந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதிரியை இரண்டு விதமாக நீர்த்து ஓட்டியபோது இரண்டு விடைகள் வந்தன. அன்றிலிருந்து உயர்ந்த எந்த அளவையும் குறைந்தது இரண்டு நீர்ப்புகளில் பார்க்காமல் நான் வெளியே அனுப்பியதில்லை. ‘26 என்பது மறுபடி ஓட்டிப் பார்த்ததா?’ என்று உங்கள் டாக்டர் லேபிடம் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

முதுகெலும்பில் பிளவு இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். கையில் இருப்பதை வைத்து, இருக்க வாய்ப்பு குறைவு என்று நினைக்கிறேன். இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு சோதனையின் ‘அதிகம்’ எவ்வளவு கனம் என்பது, சோதனைக்கு முன்பே சந்தேகம் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு குறை வரும் என்றும், சோதனை நூறு நல்ல கர்ப்பங்களில் ஒன்றில் தப்பாக மணி அடிக்கும் என்றும் ஓர் உதாரணத்துக்கு வையுங்கள். ஆயிரம் பேரில் மணி அடிப்பது பதினோரு பேருக்கு; அதில் உண்மை ஒன்று. முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்த ஒரு தாயோ, ரத்தத்தில் 4 எம்.ஓ.எம். வந்த ஒரு தாயோ இதே 2.4ஐக் கொண்டுவந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். உங்கள் நீரைப் பரிசோதித்தது குரோமோசோமுக்காக. தண்டுவடம் பற்றி அதற்கு முன் யாருக்கும் சந்தேகம் இல்லை.

என் கருத்தை எது மாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தக் கலப்பு குழந்தையுடையது அல்ல என்று தெரிந்து, தேதியைத் திருத்திய பிறகும் எம்.ஓ.எம். 2க்கு மேல் நின்று, மறு ஓட்டத்தில் இரண்டாம் கோடு தெளிவாகி மருந்தில் மறைந்தால், ஸ்கேன் எதுவும் காட்டாவிட்டாலும் நான் கவலைப்படுவேன். பெரிய மையத்தில் மறுபடி பார்க்கச் சொல்வேன். கோடு இல்லாமல் ஏ.எஃப்.பி. மட்டும் பத்து மடங்கு போல ஏறி நின்றால் குழந்தையின் சிறுநீரக வடிகட்டியில் புரதம் ஒழுகும் ஓர் அரிய பரம்பரை நோயை நினைக்க வேண்டும். உங்கள் எண் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

இப்போதைக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி விரிவான ஸ்கேன்தான். ஊசி போட்ட அன்று பார்த்த ஸ்கேன் ஊசிக்கு வழி தேடிய ஸ்கேன். அதை ‘ஒன்றும் இல்லை’ என்ற தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திருத்திய தேதிப்படி 18 முதல் 20 வாரத்துக்குள், கருக் குறைபாடுகளைப் பார்ப்பதில் பழக்கமுள்ளவரிடம் செய்துகொள்ளுங்கள். முதுகெலும்பை மூன்று கோணத்திலும் பார்ப்பதோடு அவர்கள் தலையையும் கவனிப்பார்கள். திறந்த பிளவு இருந்தால் முன்நெற்றி எலும்பு இரண்டு பக்கமும் உள்வாங்கித் தலை எலுமிச்சம்பழ வடிவில் தெரியும். சிறுமூளை கீழே இழுபட்டு வாழைப்பழம் போல வளைந்து நிற்கும். கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் நிக்கொலைடிஸ் குழுவினர் 1986இல் விவரித்த அடையாளங்கள் இவை. முதுகில் சின்னப் பிளவு கண்ணுக்குத் தப்பினாலும் தலை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றுச் சுவர், சிறுநீரகம், இரைப்பை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் கருவிகள் இவ்வளவு கூர்மையான பிறகு நீரில் ஏ.எஃப்.பி. பார்ப்பதையே பல லேப்கள் நிறுத்திவிட்டன. நான் அதை எதிர்க்கவில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த நீரில், கேட்காத கேள்விக்கு வரும் அரைகுறை விடை எத்தனை தாய்மாரின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பார்த்திருக்கிறேன். தோல் மூடிய பிளவைக் காட்ட ஏ.எஃப்.பி.க்கும் தெரியாது, அந்த நொதிக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபடி ஊசி? இப்போது வேண்டாம். முதல் ஊசியில் குழந்தையின் ரத்தம் கலந்திருந்தால், சில நாட்களில் எடுக்கும் இரண்டாம் மாதிரியிலும் அதன் மிச்சம் இருக்கும். புரதம் அவ்வளவு சீக்கிரம் கரைந்து போகாது. ஒவ்வொரு ஊசிக்கும் கருச்சிதைவு ஆபத்து சிறிதாக உண்டு. தெளிவு தராத ஊசிக்கு அந்த விலை அதிகம். உங்கள் ரத்தத்தில் மறுபடி ஏ.எஃப்.பி. பார்ப்பதாகச் சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு குழந்தையின் ரத்தம் சிறிது உங்கள் ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். எண் பொய்யாக ஏறிக் காட்டும், பயம் இரட்டிப்பாகும். உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் மட்டும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று இன்றே கேளுங்கள். இதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை.

கருவைக் கலைத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த ரிப்போர்ட்டை வைத்து அப்படி ஒரு முடிவை யாரும் எடுக்கக் கூடாது. தேதி தப்பாக எழுதப்பட்ட, ரத்தம் கலந்த, லேபே தீர்மானிக்கவில்லை என்று எழுதிய காகிதம் அது. பேசுகிறவர்களிடம் இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

ஃபோலிக் அமிலம் பற்றிய உங்கள் குற்ற உணர்ச்சிக்கும் அதே தேதியிலிருந்து ஒரு பதில் உண்டு. கருத்தரித்துச் சுமார் 28 நாளில் தண்டுவடக் குழாய் மூடிக்கொள்ளும். ஸ்கேன் கணக்கில் அது ஆறாவது வாரம். மாதவிலக்குக் கணக்கில் ஏழாவது வாரம் மாத்திரை ஆரம்பித்தேன், ரொம்பத் தாமதம் என்று வருந்துகிறீர்கள். திருத்திய கணக்கில் அது ஐந்தாவது வாரம். குழாய் மூடுவதற்கு முன்பே ஆரம்பித்திருக்கிறீர்கள். கருத்தரிப்பதற்கு முன்பே தினம் 400 மைக்ரோகிராம் எடுப்பதுதான் சரியான முறை. உடம்பில் அதன் அளவு ஏறச் சில வாரம் ஆகும் என்பதால் முழுப் பலன் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையைச் சரியாக எடுத்தவர்களுக்கும் இந்தக் குறை வருகிறது, ஒரு மாத்திரையும் எடுக்காத மிகப் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. அதனால் இதை உங்கள் தப்பு என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

நாளை டாக்டரைப் பார்க்கும்போது முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள். குழந்தையின் நீளத்தை அளந்து வாரத்தைக் கணக்கிட்ட பக்கம் அதில் இருக்கும். அந்த வாரத்தை வைத்து இரண்டு எம்.ஓ.எம்.மையும் திருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள், வாய்ச்சொல் போதாது. கிளைஹவர் செய்தார்களா, ஜெல்லை மருந்தோடு ஓட்டினார்களா என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். விரிவான ஸ்கேன் முடிந்ததும் இந்தக் காகிதங்களோடு ஜெல்லின் படம் கிடைத்தால் அதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். அந்தக் கோட்டை நானே பார்க்க விரும்புகிறேன்.